வகுபடும் கணக்குக்கு எத்தனை விதி வேண்டும்?

விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். 2, 3, 4, 5, 8, 9, 11 ஆகிய எண்களுக்கான வகுபடும் விதிகள் அவருக்கு மனப்பாடம். காணொளி பார்த்து 7, 13, 17, 19-க்கும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஆனாலும் மாதிரித் தேர்வில் இந்த வகைக் கணக்கு வந்தால் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடத்தைத் தின்றுவிடுகிறது, அதிலும் பாதி தப்பாகிறது. இன்னும் எத்தனை விதி படித்தால் சரியாகும் என்பது கேள்வி. ஆனால் அவர் உண்மையில் கேட்பது, விதி தெரிந்தும் கணக்கு ஏன் வரவில்லை என்பதுதான். நான் பள்ளியில் கணக்கு எடுத்தவன். இப்போது மதுரையில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். இந்தக் கேள்வி எல்லா வருடமும் வகுப்புக்கு வரும், பெரும்பாலும் நன்றாகப் படிக்கிறவர்களிடமிருந்தே வரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சுருக்கமான பதில்: இனி ஒரு விதிகூட வேண்டாம். உங்கள் நோட்டில் இருப்பதிலேயே சிலவற்றை அடித்துவிடலாம். தேர்வில் 'இந்த எண் வகுபடுமா, படாதா' என்று நேராகக் கேட்பது குறைவு. 'எவ்வளவு கழித்தால் வகுபடும்', 'எந்த இலக்கம் போட்டால் வகுபடும்', 'இத்தனை மீதி வந்தால் அந்த எண் எது' என்றுதான் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். இவை எல்லாமே மீதியைப் பற்றிய கேள்விகள். வகுபடுகிறது என்றால் மீதி 0 என்று பொருள், அவ்வளவுதான். விதியை 'ஆம், இல்லை' சொல்லும் கருவியாக மட்டும் படித்தவருக்கு மீதி கேட்டால் கை ஓடாது. அதே விதியை மீதி கண்டுபிடிக்கும் வழியாகப் படித்தவருக்கு இந்தக் கணக்கெல்லாம் ஒரே கணக்காகத் தெரியும்.

அது எப்படி என்று பார்ப்போம். உங்கள் கடைக் கல்லாவில் 4,725 ரூபாய் இருக்கிறது, அதை 9 பேருக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். ஒரு ஆயிரம் ரூபாயை 9 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 111 போக 1 ரூபாய் மிஞ்சும். நூறு ரூபாயைப் பிரித்தால் ஆளுக்கு 11 போக அங்கேயும் 1 மிஞ்சும். பத்து ரூபாயிலும் 1 மிஞ்சும். ஆக 4 ஆயிரத்தில் 4 ரூபாய், 7 நூறில் 7 ரூபாய், 2 பத்தில் 2 ரூபாய், சில்லறை 5 ரூபாய் அப்படியே. மிஞ்சியது மொத்தம் 18. அதை ஆளுக்கு 2 கொடுத்தால் தீர்ந்தது. 'இலக்கங்களைக் கூட்டு, 9 ஆல் வகுபடுகிறதா பார்' என்ற விதி வேறு எங்கிருந்தும் வரவில்லை. இலக்கங்களின் கூட்டல்தான் மிச்சப் பணம். அதனால் 58,273-ஐ 9 ஆல் வகுத்தால் மீதி எவ்வளவு என்று கேட்டால் வகுக்கவே வேண்டாம். 5+8+2+7+3 = 25, அதில் 18 போனால் 7. மீதி 7. 'எந்த மிகச்சிறிய எண்ணைக் கழித்தால் 9 ஆல் வகுபடும்' என்றால் 7, 'எதைக் கூட்டினால்' என்றால் 2. மூன்று கேள்வி, வேலை ஒன்றுதான்.

மற்ற விதிகளும் இப்படித்தான். 10-ஐ 2 ஆலும் 5 ஆலும் வகுத்தால் எதுவும் மிஞ்சாது, அதனால் கடைசி இலக்கம் மட்டும் பார்த்தால் போதும். 4-க்கு 10 மிஞ்சும், 100 மிஞ்சாது. ஆகவே கடைசி இரண்டு இலக்கம். 8-க்கு 1000 மிஞ்சாது, கடைசி மூன்று. 3-க்கு 9-இன் கதையே. 11-க்கு மட்டும் ஒரு சின்ன மாற்றம்: 10 என்பது 11-க்கு 1 குறைவு, 100 என்பது 99-ஐ விட 1 அதிகம், 1000 என்பது 1001-க்கு 1 குறைவு. கூடுதல், குறைவு, கூடுதல், குறைவு என்று மாறி மாறி வருவதால்தான் இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழிக்கச் சொல்கிறார்கள். இதைப் புரிந்துகொண்டால் எந்த எண்ணுக்கு எத்தனை இலக்கம் என்ற குழப்பம் தேர்வு அறையில் வராது. மறந்தாலும் அரை நிமிடத்தில் நீங்களே உண்டாக்கிக்கொள்ளலாம்.

11-இல் நிறையப் பேர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. 93*4 என்ற எண் 11 ஆல் வகுபட நட்சத்திரத்தில் எந்த இலக்கம் வர வேண்டும்? ஒரு பக்கம் 4+3 = 7. மறுபக்கம் 9-உம் நட்சத்திரமும். இரண்டும் சமமாக இருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தால், 9 ஏற்கெனவே 7-ஐத் தாண்டிவிட்டதே என்று திகைத்து நிற்க வேண்டியதுதான். வித்தியாசம் 0-ஆக இருக்கலாம், 11-ஆகவும் இருக்கலாம், பெரிய எண்ணாக இருந்தால் 22-ஆகவும் இருக்கலாம். இங்கே 18-க்கும் 7-க்கும் வித்தியாசம் 11, ஆக விடை 9. சரிபார்த்துக்கொள்ளுங்கள், 9394 = 11 × 854.

அப்புறம், 6, 12, 24, 72 போன்ற எண்கள். பாதி தப்பாகிறது என்று சொன்னீர்களே, அந்தப் பாதியில் பெரும்பங்கு இங்கேதான் போகும் என்று நினைக்கிறேன். பெரிய எண்ணை இரண்டாகப் பிரித்துச் சோதிக்கலாம், ஆனால் அந்த இரண்டுக்கும் 1-ஐத் தவிர பொதுக் காரணி இருக்கக் கூடாது. பாடநூலில் இவற்றைச் சார்பகா எண்கள் என்பார்கள். 24-ஐ 4 × 6 என்று பிரித்தால் தப்பு. 36-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 4 ஆல் வகுபடும், 6 ஆல் வகுபடும், 24 ஆல் வகுபடாது. 4-உம் 6-உம் ஒரே 2-ஐ ஆளுக்கு ஒருமுறை எண்ணிவிடுகின்றன. 24-க்கு 3 × 8 என்பதே சரி. அதேபோல 12-க்கு 3 × 4, 18-க்கு 2 × 9, 36-க்கு 4 × 9, 45-க்கு 5 × 9, 72-க்கு 8 × 9, 88-க்கு 8 × 11, 99-க்கு 9 × 11. இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். பகாக் காரணிகளாக உடைத்து, 2-கள் எல்லாம் ஒரு பக்கம், 3-கள் எல்லாம் ஒரு பக்கம் என்று சேர்த்தால் தானாக வந்துவிடும்.

இதை ஒரு முழுக் கணக்கில் போட்டுக் காட்டுகிறேன். தேர்வில் வரும் தரம் இதுதான். 47க8ச என்ற ஐந்திலக்க எண் 72 ஆல் வகுபடும் எனில் க + ச என்ன? விடைகளில் 8, 17, 6, 9 என்று கொடுத்திருக்கிறார்கள். முதலில் 9-ஐப் போடுங்கள். தெரிந்த இலக்கங்கள் 4+7+8 = 19. 27-க்கு 8 வேண்டும், 36-க்கு 17 வேண்டும். ஆக க + ச என்பது 8 அல்லது 17. இந்த இடத்திலேயே இரண்டு விடை போய்விட்டது, பத்து விநாடிகூட ஆகியிருக்காது. இனி 8 ஆல் சோதிக்க வேண்டும், அதாவது க8ச என்ற கடைசி மூன்று இலக்கம். 17 வர வேண்டுமானால் இரண்டு இலக்கமும் 8-உம் 9-உம்தான். எண் இரட்டைப்படையாக முடிய வேண்டும் என்பதால் ச = 8, க = 9. அப்படியானால் கடைசி மூன்று இலக்கம் 988. இது 4 ஆல் வகுபடும், 8 ஆல் வகுபடாது, 984 போக 4 மிஞ்சும். எனவே 17 இல்லை, விடை 8. விடைகள் நான்கில் ஒன்று சரி என்ற நம்பிக்கையில் இங்கேயே நிறுத்திவிடலாம். உறுதி வேண்டுமென்றால் 47,088-ஐப் பாருங்கள், 72 × 654. 47,880-உம் பொருந்தும், 72 × 665. இலக்கங்கள் வேறானாலும் கூட்டல் 8 மாறவில்லை.

இந்தக் கணக்கை அமைத்தவர் 17-ஐச் சும்மா வைக்கவில்லை. 72-க்கு 4-ஐயும் 9-ஐயும் சோதித்தால் போதும் என்று நினைப்பவர் 47,988-இல் போய் நிற்பார். அது 36 ஆல் அழகாக வகுபடும், 36 × 1333. நல்ல கேள்வித்தாளில் தவறான விடைகள் இப்படித்தான் ஒவ்வொரு தவறான வழிக்கும் ஒன்றாக வைக்கப்படும். அதனால் நான் போட்ட விடை அங்கே இருக்கிறது, ஆகவே சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இலக்கம் கண்டுபிடிக்கும் கணக்கில் இன்னொரு சின்ன விஷயம். 4*5 என்பது 9 ஆல் வகுபட மிகச்சிறிய இலக்கம் எது என்றால் 0. 4+5 ஏற்கெனவே 9. அவசரத்தில் 0 ஓர் இலக்கம் என்பதே மறந்து 9 என்று நிரப்பிவிட்டு வருகிறார்கள். 'மிகச்சிறிய', 'மிகப்பெரிய' என்ற சொல்லைக் கேள்வியில் பார்த்ததும் பேனாவால் அடிக்கோடிடுங்கள்.

சரி, 7-க்கு வருவோம். கடைசி இலக்கத்தை இரட்டித்து மீதமுள்ள எண்ணிலிருந்து கழிக்கும் விதியை எழுதி வைத்திருப்பீர்கள். அது சரியான விதிதான், சந்தேகம் இல்லை. 3584-க்கு 358 − 8 = 350, அது 7-இன் மடங்கு, எனவே 3584-உம் வகுபடும். ஆனால் நேராக வகுத்தால் என்ன ஆகிறது? 35-இல் 7 ஐந்து முறை, 8-இல் ஒரு முறை போக 1, 14-இல் இரண்டு முறை. 512, மீதி 0. விதியை நினைவுபடுத்தும் நேரத்தில் வகுத்தே முடித்துவிடலாம். இதைவிட முக்கியமான குறை, அந்த விதி மீதியைக் காப்பாற்றாது. 100-க்குப் போட்டுப் பாருங்கள்: 10 − 0 = 10, 7 ஆல் வகுத்தால் மீதி 3. உண்மையில் 100-இல் 98 போனால் மீதி 2. ஆக வகுபடுமா என்று கேட்டால் மட்டும் அது உதவும், மீதி கேட்டால் தவறான விடைக்கு இழுத்துப் போகும். 13, 17, 19-க்கான இதே மாதிரி விதிகளுக்கும் இந்தக் குறை உண்டு. அவற்றை அடித்துவிட்டு, அந்த நேரத்தில் 20 வரை வாய்ப்பாட்டைத் தடங்கல் இல்லாமல் சொல்லப் பழகுங்கள். 17-ஆம் வாய்ப்பாடு தெரிந்தவருக்கு 17-க்கு விதி எதற்கு?

7-க்கு ஏன் சுலபமான விதி இல்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. 1, 10, 100, 1000, 10000, 1,00,000 ஆகியவற்றை 7 ஆல் வகுத்தால் மீதிகள் 1, 3, 2, 6, 4, 5. ஆறு இடத்துக்கு ஆறு விதமாக வருகிறது, அப்புறம்தான் மறுபடி 1. 9-க்கு எல்லா இடத்திலும் 1 வந்ததே, அந்த வசதி இங்கே இல்லை. ஆனால் மூன்று மூன்று இலக்கமாகப் பார்த்தால் ஒரு வசதி கிடைக்கும், ஏனென்றால் 7 × 11 × 13 = 1001. 1000 என்பது இந்த மூன்று எண்களுக்குமே 1 குறைவு. எனவே பெரிய எண்ணை வலமிருந்து மூன்று மூன்றாக வெட்டி ஒன்றைவிட்டு ஒன்று கூட்டிக் கழித்தால் 7, 11, 13 மூன்றையும் ஒரே சோதனையில் பார்க்கலாம், மீதியும் மாறாது. நம் ஊர் அஞ்சல் குறியீடு 625001-ஐ எடுங்கள். 001-இலிருந்து 625 போனால் −624. 624 என்பது 13 × 48. ஆக 625001 என்பது 13 ஆல் வகுபடும். 7 ஆலும் 11 ஆலும் வகுபடாது. இந்த ஒன்றை மட்டும் நோட்டில் வைத்துக்கொள்ளலாம். 'ஒரு மூன்றிலக்க எண்ணை அடுத்தடுத்து இருமுறை எழுதினால் கிடைக்கும் ஆறிலக்க எண் எதனால் வகுபடும்' என்ற பழைய கேள்விக்கும் இதுவே விடை: 1001 ஆல், அதனால் 7, 11, 13 மூன்றாலும்.

இனி மீதிக் கணக்குகள். இவை பெரும்பாலும் மீச்சிறு பொது மடங்கு, மீப்பெரு பொதுக் காரணி என்ற பெயரில் வரும், ஆனால் உள்ளே இருப்பது வகுபடும் தன்மைதான். 12, 15, 20 ஆகியவற்றால் வகுக்க ஒவ்வொரு முறையும் மீதி 4 வரும் எண் கேட்டால் 60-உடன் 4 கூட்டி 64. இது எல்லோருக்கும் வரும். மீதிகள் வேறு வேறாக இருந்தால்தான் திகைப்பு. 6 ஆல் வகுத்தால் மீதி 4, 8 ஆல் வகுத்தால் 6, 9 ஆல் வகுத்தால் 7 வரும் மிகச்சிறிய எண் எது? மீதிகளை முறைக்காமல், வகுபட எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். 6-க்கு 2 குறைவு, 8-க்கும் 2, 9-க்கும் 2. ஆக அந்த எண்ணோடு 2 கூட்டினால் மூன்றாலும் வகுபடும். மீச்சிறு பொது மடங்கு 72, விடை 70. எதிர்ப்பக்கக் கணக்கும் இப்படித்தான்: 57, 129, 177 மூன்றையும் வகுக்கும்போது ஒரே மீதி தரும் மிகப்பெரிய எண் எது? மீதி எவ்வளவு என்று சொல்லவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மீதி ஓடிவிடும். வித்தியாசங்கள் 72, 48, 120. இவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 24. மீதி மூன்றிலும் 9.

இன்னொரு வகை: ஓர் எண்ணை 91 ஆல் வகுக்க மீதி 40, அதையே 13 ஆல் வகுத்தால் மீதி என்ன? 91 முழுக்க 13-இன் மடங்கு, அது எதையும் மிச்சம் வைக்காது. 40-ஐ மட்டும் 13 ஆல் வகுத்தால் மீதி 1. ஆனால் 6 ஆல் வகுத்தால் மீதி என்ன என்று கேட்டிருந்தால் சொல்லவே முடியாது, ஏனென்றால் 91 என்பது 6-இன் மடங்கு இல்லை. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் 40-ஐ 6 ஆல் வகுத்து 4 என்று போட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. 'கூற இயலாது' என்று ஒரு விடை இருந்தால் இதை ஒருமுறை யோசியுங்கள். 2 அடுக்கு 31-ஐ 5 ஆல் வகுத்தால் மீதி என்ன போன்றவை பத்தாம் வகுப்பு மட்டு எண்கணிதம். கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று சுற்றும், 31-இல் 28 போனால் மூன்றாவது, அதாவது 8, மீதி 3.

எத்தனை எண்கள் உண்டு என்ற கேள்வியில் கணக்கு எளிது, வார்த்தைதான் சிக்கல். 200-க்கும் 500-க்கும் இடையே 7 ஆல் வகுபடும் எண்கள்: 500 வரை 71, 199 வரை 28, கழித்தால் 43. இரு முனையும் 7-இன் மடங்கு இல்லை என்பதால் பிரச்சினை இல்லை. 100-க்கும் 300-க்கும் இடையே 5 ஆல் வகுபடுபவை என்றால்? முனைகளைச் சேர்த்தால் 41, விட்டால் 39. எதைப் போடுவது என்று என்னைக் கேட்டால், 'இடையே' என்பதற்கு முனைகளை விடுவதே நேர்ப்பொருள் என்பேன். ஆனால் கேள்வி எழுதியவர் எதை நினைத்தார் என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. விடைகளில் இரண்டில் ஒன்றுதான் இருந்தால் அது போதும். இரண்டும் இருந்தால் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும் ஆங்கில வடிவத்தைப் படியுங்கள். சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்று வினாத்தொகுப்பின் முகப்பில் போட்டிருப்பார்கள். ஆங்கிலம் சரளமாக வராது என்று நினைப்பவர்கள்கூட கணக்குப் பகுதியில் வரும் பத்திருபது சொற்களைப் பழகிக்கொள்வது நல்லது.

தேர்வு நேரத்தைப் பற்றி. 200 வினா, 3 மணி நேரம், அதாவது சராசரி ஒரு வினாவுக்கு 54 விநாடி. தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. தமிழில் கை வேகமாக ஓடும் என்பதால் கணக்குக்கு ஒன்றரை நிமிடம் வரை கிடைக்கலாம். அந்த 25-இல் வகுபடும் கணக்கு எத்தனை வரும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம், நானும் சொல்ல மாட்டேன். பாடத்திட்டத்தில் இது தனித் தலைப்பே இல்லை. சுருக்குதல், பொதுக் காரணி, பொது மடங்கு ஆகியவற்றுக்குள் ஒளிந்திருக்கிறது. ஆனால் பின்னங்களைச் சுருக்கும்போது, விகிதத்தில், வட்டிக் கணக்கில் என்று எல்லா இடத்திலும் இதே பழக்கம்தான் நேரத்தைக் காப்பாற்றும். அதனால் இதற்குச் செலவிடும் நேரம் வீண் போகாது என்பதை மட்டும் தைரியமாகச் சொல்வேன்.

விடைகளிலிருந்து பின்னோக்கிப் போவது நல்ல வழியா என்று பலர் கேட்பார்கள். சில கணக்குக்கு அதுவே மிகச் சிறந்த வழி. 12, 15, 18 மூன்றாலும் வகுபடும் மிகப்பெரிய நான்கிலக்க எண் கேட்டால், பொது மடங்கு 180 என்பதால் விடை 0-இல் முடிய வேண்டும், இலக்கக் கூட்டல் 9-இன் மடங்காக வேண்டும். பெரும்பாலும் ஒரே விடைதான் தாங்கும், அது 9900. ஆனால் 'மிகச்சிறிய' என்று கேட்கும்போது, பொருந்துகிற முதல் விடையை எடுத்துவிடாமல் அதைவிடச் சிறியது கீழே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது, எனவே இரண்டு விடைகளை அடித்துவிட்டீர்கள் என்றால் மீதி இரண்டில் ஒன்றை நிரப்பிவிட்டு நகருங்கள். 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது வட்டத்தை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அதே நேரம் எந்த வட்டத்தையும் நிரப்பாமல் ஒரு வினாவை வெறுமனே விட்டுவிடவும் கூடாது.

9-இன் மீதியை வைத்துப் பெருக்கலைச் சரிபார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. கடையில் இருப்பவர் என்பதால் உங்களுக்கு இது இரட்டைப் பயன். 47 × 38 = 1786 என்று போட்டீர்கள். 47-இன் இலக்கக் கூட்டல் 11, மறுபடி கூட்டினால் 2. 38-க்கும் 11, அதனால் 2. பெருக்கினால் 4. 1786-க்கு 22, மறுபடி 4. பொருந்துகிறது. இந்தச் சோதனையில் பொருந்தாவிட்டால் கணக்கு நிச்சயமாகத் தவறு. பொருந்தினால் சரி என்று முடிவு கட்ட முடியாது, ஏனென்றால் 1768 என்று இலக்கத்தை மாற்றிப் போட்டிருந்தாலும் அதே 4 வரும். அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-இன் மடங்குதான், இங்கே 18. கணக்கு எழுதுகிறவர்கள் ராத்திரி கல்லா சேராமல் வித்தியாசம் 9-இன் மடங்காக வந்தால் முதலில் இலக்கம் மாறியிருக்கிறதா என்று தேடுவது இதனால்தான்.

பயிற்சிக்குத் தனியாக நேரம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். வேலைக்குப் போகும்போது முன்னால் நிற்கும் வண்டியின் எண்ணை எடுங்கள். டிஎன் 58, 59, 64 எதுவாக இருந்தாலும் பின்னால் நான்கு இலக்கம் இருக்கும். அதை 9 ஆல், 11 ஆல், 8 ஆல் வகுத்தால் மீதி என்ன என்று மனதில் சொல்லுங்கள். வகுபடுமா என்று கேட்டுக்கொள்ளாதீர்கள், மீதி என்ன என்றே கேளுங்கள். அப்புறம் எண்களை உடைத்துப் பார்க்கும் பழக்கம். மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் என்பார்கள். 5-இல் முடிகிறது, எனவே 5 × 197. 197 பகா எண்ணா? 14 × 14 = 196, 15 × 15 = 225, அதனால் 13 வரையுள்ள பகா எண்களால் சோதித்தால் போதும். 2, 3, 5 இல்லை, 7-க்கு 196 போக 1, 11-க்கு 187 போக 10, 13-க்கு 195 போக 2. ஆக பகா எண்தான். எது வரை சோதித்தால் நிறுத்தலாம் என்பதைத் தெரிந்துகொள்வதே பகா எண் கேள்விகளில் பாதி வேலை.

புத்தகம் என்று பார்த்தால், பெரிய வழிகாட்டி நூல்களுக்குப் போகும் முன் சமச்சீர் ஆறாம் வகுப்பு இரண்டாம் பருவக் கணக்கில் 'எண்கள்' பாடத்தையும், பத்தாம் வகுப்பில் 'எண்களும் தொடர்வரிசைகளும்' பாடத்தின் முற்பகுதியையும் எடுத்துக்காட்டுகளோடு போட்டுப் பாருங்கள். தேர்வின் தரம் பத்தாம் வகுப்பு என்பதால் இதற்கு மேல் தேவைப்படாது. பத்தாம் வகுப்பில் யூக்ளிடின் வகுத்தல் துணைத் தேற்றம் என்று பயமுறுத்தும் பெயரோடு வருவது, வகுபடும் எண் = வகுக்கும் எண் × ஈவு + மீதி என்று நீங்கள் சின்ன வயதில் படித்ததேதான். விடுமுறை நாளில் புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனால் இதே தேர்வுக்குப் படிக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, 25 திறனறிவுக் கணக்கில் எதில் எல்லாம் மீதி ஒளிந்திருக்கிறது என்று முதலில் குறி மட்டும் போடுங்கள், விடை கண்டுபிடிக்க வேண்டாம். ஒரு வாரம் இப்படிச் செய்த பிறகு நேரம் வைத்துப் போடத் தொடங்குங்கள். அப்போதும் ஏதாவது ஒரு வகை மட்டும் தொடர்ந்து தப்பானால், அந்தக் கணக்கையும் நீங்கள் போட்ட வரிகளையும் அப்படியே அனுப்புங்கள். விடை மட்டும் அனுப்பினால் எந்த வரியில் தவறியது என்று என்னால் சொல்ல முடியாது.